குட்டைக் குழல் ரைஃபிள்: குறி எங்கே தவறுகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அரைத் தானியங்கி ரைஃபிள்களின் (டிரிக்கரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) குழல் நீளத்தையே சுற்றி வந்தன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குழல் குட்டையானால் துல்லியம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறைவது வேகம், துல்லியம் அல்ல. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் தூரம் சுருங்குகிறது, அவ்வளவுதான். 5.56 மி.மீ. நேட்டோ தோட்டாவின் 62 கிரெய்ன் (சுமார் 4 கிராம்) குண்டு, 20 அங்குலக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 940 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அமெரிக்க ராணுவத்தின் குட்டை ரைஃபிளான எம்4 கார்பைனின் 14.5 அங்குலக் குழலில் அது 890 வாக்கில் இருக்கும். 10.3 அங்குலத்துக்கு வந்தால் 800 பக்கம்.

அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது வேறு கணக்கு. அதில் குட்டைக் குழலுக்குச் சாதகம்கூட உண்டு. சுடும்போது குழல் அதிர்கிறது. மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்த ஸ்கேலை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குறையக் குறைய ஆட்டமும் குறையும். அதே பருமனில் நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிறது. நன்றாகக் கடைந்த குழலும் தரமான தோட்டாவும் இருந்தால், 100 மீட்டரில் 10 அங்குலக் குழல் நீளமான குழலுக்குச் சளைத்ததல்ல.

கேள்வி: அப்படியென்றால் குட்டை ரைஃபிளை எடுத்தாலே என் குண்டுகள் ஏன் சிதறுகின்றன?

பதில்: நீங்கள் இரும்பு சைட்டில் (குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் இருக்கும் உலோகப் பாகங்கள்) சுடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எம்16 போன்ற முழுநீள ரைஃபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 50 செ.மீ. இடைவெளி உண்டு. கார்பைனில் அது 37 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். முன் சைட்டை வைப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினால், 100 மீட்டரில் முதலாவதில் 10 செ.மீ. விலகும், இரண்டாவதில் பதின்மூன்றரை. துப்பாக்கி அதே தரம்தான், உங்கள் கண்ணின் பிழையைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது. ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) அல்லது ஸ்கோப் பொருத்திச் சுட்டுப் பாருங்கள், இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

இன்னொன்று சத்தம். குட்டைக் குழலில் குண்டு வெளியேறும்போது பின்னால் இருக்கும் வாயுவின் அழுத்தம் அதிகம். தீப்பிழம்பும் அதிர்வும் முகத்துக்குப் பக்கத்திலேயே நிகழ்கின்றன. அதை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே கூசிச் சுருங்கும்; விரல் டிரிக்கரை நிதானமாக இழுக்காமல் சட்டென்று வெட்டி இழுக்கும். பலருடைய 'துல்லியக் குறைவு' இதுதான்.

கேள்வி: அரைத் தானியங்கியில் போல்ட் பின்னால் ஓடுகிறதே, அது குறியைக் கலைக்காதா?

பதில்: தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்தான் போல்ட். அதன் பூட்டு அவிழ்வதற்குள் குண்டு குழலை விட்டுப் போயிருக்கும். அந்தக் குண்டை அது ஒன்றும் செய்யாது. குறியைக் கெடுப்பவை வேறு இரண்டு. முதலாவது, தோட்டா அறைக்குள் போகும் விதம். கையால் ஏற்றிய முதல் தோட்டாவும், இயந்திரம் தானே வேகமாக இழுத்துத் தள்ளிய மற்றவையும் ஒரே மாதிரி உட்காருவதில்லை. சில ரைஃபிள்களில் முதல் குண்டு மட்டும் தனியே விலகி விழுவது இதனால்தான். இரண்டாவது, டிரிக்கர். ராணுவ வகை டிரிக்கரை இழுக்க இரண்டரை முதல் நான்கு கிலோவுக்கு மேல் வரை விசை வேண்டியிருக்கும். கார்பைனின் எடையே மூன்று கிலோ வாக்கில்தான்! காசு செலவழிப்பதென்றால் குழலுக்கு முன் டிரிக்கரை மாற்றுங்கள் என்பேன்.

கேள்வி: 16 அங்குலம் என்பது துல்லியத்துக்கான குறைந்தபட்ச நீளமா?

பதில்: இல்லை. அது அமெரிக்கச் சட்டம் போட்ட கோடு. 1934ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டத்தில் 18 அங்குலமாக இருந்து, பிற்பாடு 16 ஆனது. குண்டுக்கு அந்தக் கோடு தெரியாது.

கேள்வி: குழல் குட்டையானால் உள்ளே புரியின் முறுக்கும் இறுக்கமாக வேண்டுமா?

பதில்: புரி என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம். வேகம் குறைந்தால் சுழற்சியும் கொஞ்சம் குறையும். ஆனால் இன்றைய 5.56 குழல்களில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கு சகஜம். அதில் இந்த இழப்பு பொருட்டே அல்ல. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொண்ட பழைய எம்16ஏ1 வகைக் குழலில் 62 கிரெய்ன் குண்டைப் போட்டால்தான் தடுமாறும்.

கேள்வி: 10 அங்குலக் குழலால் 300 மீட்டரில் குறி அடிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வேலை கூடும். வேகம் 940இலிருந்து 800க்கு இறங்கினால் பறக்கும் நேரம் கூடி, ஈர்ப்பினால் ஏற்படும் இறக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாகும். அது பெரிய தொல்லை இல்லை. இறக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு என்பதால் ஸ்கோப்பில் திருத்திக்கொள்ளலாம். தொல்லை கொடுப்பது குறுக்குக் காற்று. அது நொடிக்கு நொடி மாறும், மெதுவாகப் போகும் குண்டை அதிகமாகத் தள்ளும். அப்புறம், குண்டு வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் ஆட்டம் காணத் தொடங்கும். குட்டைக் குழலில் அந்த இடம் முன்னாலேயே வந்துவிடும். தூரத்தில் சுடுவதுதான் உங்கள் விருப்பம் என்றால் நீளமான குழலே நல்லது.

நீளமும் வேண்டும், கையடக்கமும் வேண்டும் என்று கேட்ட இருவருக்கு: இயக்கத்தை டிரிக்கருக்குப் பின்னால் வைக்கும் புல்பப் வடிவம் அதற்குத்தான். ஸ்டெயர் ஏயூஜி 20 அங்குலக் குழலை வைத்துக்கொண்டு மொத்த நீளத்தில் 80 செ.மீ.க்குள் முடிந்துவிடும். ஆனால் டிரிக்கரிலிருந்து பின்னால் இருக்கும் இயக்கத்துக்கு நீண்ட இணைப்புக் கம்பி போவதால், புல்பப் டிரிக்கர்கள் பெரும்பாலும் சொதசொதவென்று இருக்கும்.

கேள்வி: 100 மீட்டரில் மூன்று குண்டுகள் ஒரு நாணயத்துக்குள் விழுந்தன. என் ரைஃபிள் ஒரு எம்ஓஏ ரகம் என்று சொல்லலாமா?

பதில்: எம்ஓஏ என்பது சிதறலை அளக்கும் கோண அலகு. ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் 2.9 செ.மீ. ஆனால் மூன்று குண்டுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். அதே தோட்டாவில் பத்து சுடுங்கள். நன்றாக விழுந்த தாளை மட்டும் எடுத்து வைக்காமல், எல்லாத் தாள்களையும் அளந்து பாருங்கள். முன்பிடி குழலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வகை என்றால் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் தாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது மணல் மூட்டையை வைத்த விதத்தைத்தான்.