‘லோடு வாஸ் அரைவ்ட்’ ஏன் தப்பு? ஏலக்காய்க் கடை மெயிலுக்கு ஆங்கில இலக்கணம்

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். கொச்சி, மும்பை பார்ட்டிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் போடுவதும் என் வேலைதான். ‘வி இன்ஃபார்ம்ட் டு யூ’, ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’, ‘லோடு வாஸ் அரைவ்ட்’ என்று எழுதியதை ஒரு பார்ட்டி தப்பு என்று திருத்தி அனுப்பினார். எங்கே ‘டு’ போடுவது, எங்கே ‘வாஸ்’ போடுவது?

பதில்: ‘உங்களுக்குத் தெரிவித்தோம்’, ‘உங்களுக்கு விளக்கினோம்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘கு’தான். அந்தக் ‘கு’வை அப்படியே ‘டு’ ஆக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கேரள எல்லையான கம்பம்மெட்டு தாண்டினால் மலையாளத்திலும் ‘மேனேஜரோடு பறஞ்ஞு’ என்று உருபு சேர்த்தே சொல்கிறார்கள். அதனால் இரண்டு பக்கமும் ‘டோல்ட் டு ஹிம்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வினைகள் இரண்டு சாதி. இன்ஃபார்ம், டெல், ரிமைண்ட் ஆகியவை ஆளை நேரடியாகப் பிடிக்கும்; நடுவில் ‘டு’ கிடையாது. ‘வி இன்ஃபார்ம்ட் யூ ஆஃப் தி டிலே.’ எக்ஸ்ப்ளெயின், சஜெஸ்ட், மென்ஷன், சே ஆகியவை விஷயத்தைப் பிடிக்கும். ஆளுக்கு ‘டு’ கட்டாயம். ‘வி எக்ஸ்ப்ளெயின்ட் தி ரேட் டு யூ.’

செயப்பாட்டு வினையும் இதை ஒட்டித்தான் போகிறது. வினை எதை நேரடியாகப் பிடிக்கிறதோ அதுதான் வாக்கியத்தின் முன்னால் வரலாம். இன்ஃபார்ம் ஆளைப் பிடிப்பதால் ‘ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்’ சரி. எக்ஸ்ப்ளெயின் ஆளைப் பிடிக்காததால் ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’ நிற்காது; ‘தி ரேட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ வாஸ் சஜெஸ்டட்’ என்பதும் இதே கதைதான். கிவ், செண்ட், ஷோ மூன்றும் இரண்டு பக்கமும் ஆடும்: ‘வி வேர் சென்ட் தி சாம்பிள்’, ‘தி சாம்பிள் வாஸ் சென்ட் டு அஸ்’ இரண்டும் சரி.

லோடுக்கு வருவோம். ‘வாஸ்’ இறந்தகாலத்தின் அடையாளம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ‘அரைவ்ட்’ என்பதிலேயே இறந்தகாலம் இருக்கிறது. ‘தி லோடு அரைவ்ட்’ போதும். சந்தேகம் வந்தால் தமிழில் ‘-ப்பட்டது’ சேர்த்துப் பாருங்கள். ‘அனுப்பப்பட்டது’ நாக்கில் வருகிறது, ஆகவே ‘வாஸ் சென்ட்’. ‘வந்துசேரப்பட்டது’, ‘நடக்கப்பட்டது’ வரவில்லை அல்லவா? அங்கே ‘வாஸ்’ இல்லை. ஹேப்பன், அக்கர் (நிகழ்தல்), எக்ஸ்பையர் (காலாவதியாதல்) எல்லாம் இந்த வகை. ‘எ மிஸ்டேக் வாஸ் ஹேப்பன்ட்’ என்பது நம் ஊர் மெயில்களில் வருடக்கணக்காக ஓடுகிற தப்பு.

சில வினைகளுக்கு இரண்டுமே வரும், பொருள்தான் மாறும். ‘தி ரேட் இன்க்ரீஸ்ட்’ என்றால் விலை உயர்ந்தது. ‘வாஸ் இன்க்ரீஸ்ட்’ என்றால் யாரோ உயர்த்தினார்கள். கேரளத்தின் புத்தடியில் நடக்கும் ஏலக்காய் இ-ஏலத்தில் விலை ஏறியதைச் சொல்ல முதலாவது. உங்கள் கடை கமிஷனைக் கூட்டியதைச் சொல்ல இரண்டாவது. மாற்றி எழுதினால், ஏலத்தில் ஏறிய விலையை நீங்களே ஏற்றினீர்கள் என்று பார்ட்டி படிப்பார்.

அதே வரியில் காசை நேரடியாகத் தொடும் இன்னொன்றும் உண்டு. கிலோ 2,400 ரூபாயிலிருந்து 2,500 ஆனால் ‘இன்க்ரீஸ்ட் பை 100’ அல்லது ‘இன்க்ரீஸ்ட் டு 2,500’. ‘பை’ என்றால் கூடின தொகை, ‘டு’ என்றால் போய் நின்ற தொகை. ‘இன்க்ரீஸ்ட் டு 100’ என்று போனால் கிலோ 100 ரூபாய் என்றாகிவிடும்.

நேரத்தில் சறுக்குவது ‘உள்’. ‘5 மணிக்குள் பணம்’ என்பதற்கு ‘விதின் 5 பி.எம்.’ என்று போடுகிறோம். மணிக்கும் தேதிக்கும் ‘பை’தான்: ‘பை 5 பி.எம்.’ ‘விதின்’ கால அளவுக்கு: ‘விதின் 7 டேஸ் ஆஃப் தி பில் டேட்’. எந்த நாளிலிருந்து 7 நாள் என்பதை விட்டுவிட்டால் பின்னால் வாய்ச்சண்டைதான். ‘5 மணி வரை கடை திறந்திருக்கும்’ என்பதற்கு ‘டில் 5’.

சில வினைகளுக்குப் பின்னால் ஒட்டுச் சொல்லே வேண்டாம். இவை தப்பு: டிஸ்கஸ் அபவுட், ரீச் டு, கம்ப்ரைஸ் ஆஃப், ரிக்வெஸ்ட் ஃபார். ஆனால் கடைசியை முழுக்க வெட்டிவிடாதீர்கள். ‘வி ரிக்வெஸ்ட் பேமெண்ட்’ வினை, ‘அவர் ரிக்வெஸ்ட் ஃபார் பேமெண்ட்’ பெயர்ச்சொல். பெயராகும்போது ‘ஃபார்’ திரும்பி வரும். டிஸ்கஷன் என்று பெயரானால் ‘அபவுட்’டும் அப்படியே. ‘இதைவிட உயர்ந்த சரக்கு’ என்பதில் சுப்பீரியருக்குப் பின்னால் ‘தேன்’ (than) போடாதீர்கள், ‘டு’ போடுங்கள்.

‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இலக்கணப்படி தப்பில்லை. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். துபாய் பார்ட்டிக்கு அனுப்பினால், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று திரும்பக் கேட்கக்கூடும். ‘ப்ளீஸ் செண்ட் தி வெயிட் ஸ்லிப் பை ஃப்ரைடே’ என்று வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம். ரிவர்ட் என்றால் வெளிநாட்டில் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். ‘ரிப்ளை’ போதும்.