பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள சார்,

எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முன் சென்னையில் காலணா, அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில், துறையில் பெரிய பெயர் உள்ள பேராசிரியரிடம் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே எம்.ஏ.வில் எனக்குப் பாடம் எடுத்த உதவிப் பேராசிரியரும் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். டெல்லியை விடுவது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள் நண்பர்கள். அம்மா ஒன்றுமே சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம்.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

நான் பிஎச்.டி. முடிக்காதவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரபலமான ஒருவரிடம் பதிவு செய்துவிட்டு அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுதிக் கொடுத்த முதல் இயல் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். விடுதிக்கு வந்து புரட்டினால், ஜெராக்ஸ் கடைக்காரர் பதினொன்றாம் பக்கத்தை இரண்டு தடவை வைத்துவிட்டு பன்னிரண்டை விட்டிருக்கிறார். என் பேராசிரியர் கெட்டவர் இல்லை. கமிட்டி, கருத்தரங்கு, விமானம் என்று இருந்தார். அவ்வளவுதான்.

அதனால் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், உங்கள் இயலை யார் படிப்பார் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் பிஎச்.டி. மாணவர்கள் எட்டுப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. டெல்லிக்காரரிடம் நீங்கள் எத்தனையாவது ஆள்? ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் புதிதாக ஆள் சேர்க்க முடியாது என்பதும் விதி. ஆனால் சரியாக மூன்று ஆண்டு மிச்சமிருப்பவர் சேர்க்கலாம். நீங்கள் முடிக்க ஐந்து ஆறு ஆண்டு ஆகுமே, அப்புறம்? இதை அவரிடம் கேட்காதீர்கள், அவரிடம் இப்போது நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்வார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இரண்டு பேரின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அவர்களிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். நன்றியுரையை விட்டுவிடுங்கள், அதில் எல்லா நெறியாளரும் கடவுள்தான். தலைப்புகளைப் பாருங்கள். நாவலாசிரியர் பெயரை மட்டும் மாற்றி மாற்றி, ‘…படைப்புகளில் சமுதாயச் சிந்தனைகள் – ஓர் ஆய்வு’ என்று வரிசையாக இருந்தால் அந்த வீட்டில் ஒரே அச்சுதான் இருக்கிறது.

இனி உங்கள் பொருள். கொலைச் சிந்து, வழிநடைச் சிந்து என்கிற அந்தப் பாட்டுப் புத்தகங்கள் டெல்லியில் இல்லை. தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள். அவர் போனபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்தது. எந்த அச்சகம் என்ன போட்டது என்று துருவ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டிவரும். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டதையெல்லாம் அரசிடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். டெல்லியிலிருந்து ரயிலில் முப்பது மணி நேரம் போல ஆகும். உதவித்தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000. விடுதி கிடைக்காவிட்டால் டெல்லி வாடகை அதில் எவ்வளவைத் தின்னும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் கிடைப்பது வேறு. வங்காள மலிவுப் பதிப்பு, கிஸ்ஸா என்கிற உருதுக் கதைப் புத்தகம் என்று பக்கத்து அறையில் ஒருத்தர் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார். “உன் சிந்தில் அப்படி என்ன விசேஷம்?” என்று மெஸ்ஸில் முகத்துக்கு நேரே கேட்பார். ஊரில் அப்படிக் கேட்க ஆள் குறைவு. இந்த நஷ்டம் சின்னதில்லை, நான் மறைக்க விரும்பவில்லை. டெல்லிப் பெயர் பின்னால் வேலைக்கு உதவும் என்பதும் நிஜம்தான்.

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாளையங்கோட்டைப் பக்கம்தான் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு. வருஷத்தில் நான்கைந்து மாதம் நீங்கள் சென்னையில் தங்க அந்த உதவிப் பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். தினமும் துறைக்கு வந்து கையெழுத்துப் போடு, என் வகுப்பையும் எடு என்பவராக இருந்தால் டெல்லிக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.

எம்.ஏ. ஆய்வேட்டிலிருந்து பத்துப் பக்கத்தை இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். அனுப்பும்போது ஆறாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள். விஷமம்தான், பரவாயில்லை. ஆறாம் பக்கம் எங்கேம்மா என்று யார் கேட்கிறார் என எனக்கும் எழுதுங்கள்.