ஓடி வந்துவிட்டாள், உழைத்த பணம் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கும் பெண் மதுரைப் பக்கத்தவள். சமையல் வேலை என்று சொல்லி ஏஜென்ட் டர்பனுக்கு அழைத்து வந்திருக்கிறார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "டிக்கெட் கடன் கழியட்டும்" என்றே ஒரு வருஷத்துக்கு மேல் சம்பளம் தரவில்லை. போன வாரம் தப்பி வந்துவிட்டாள். விசாவும் முடிந்துவிட்டது. உழைத்த பணம் போனது போனதுதானா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: போகவில்லை அம்மா. முதலில் அந்தக் கடன் பயத்தை அவள் மனதிலிருந்து எடுங்கள். 2015 ஆகஸ்ட் 9 முதல் நடப்பில் உள்ள தென்னாப்பிரிக்க ஆட்கடத்தல் தடுப்புச் சட்டப்படி, ஒருவரைக் கடனுக்கு அடிமையாக்குவதே குற்றம். அவள் சம்மதித்துத்தான் வந்தாள் என்ற பேச்சு அங்கே எடுபடாது. கடத்தப்பட்டதன் விளைவாக விசா மீறல் நேர்ந்திருந்தால், அதற்காக அவள்மேல் வழக்குப் போடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சம்பளத்துக்கு, தொழிலாளர்-முதலாளி தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் மனுக் கொடுங்கள். கட்டணம் கிடையாது. வேலை பர்மிட் இல்லாதவரும் தொழிலாளிதான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இருக்கவே முடியாதபடி செய்து ஓட வைத்ததும் பணிநீக்கம்தான். ஆனால் அந்தப் புகாருக்குக் கெடு 30 நாள். ஆகவே இந்த வாரமே போங்கள்.

அவள் பட்ட பாட்டுக்கு நஷ்டஈடு தனி. முதலாளி, ஏஜென்ட் இருவர் மீதும் சிவில் வழக்குப் போடலாம். பொதுவாக மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். யாராவது சின்ன வழக்கு மன்றத்துக்குப் போகச் சொன்னால் கேட்காதீர்கள். அங்கே உச்சவரம்பு 20,000 ராண்ட், அவளுடைய இழப்பு அதைவிடப் பெரியது. மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 2,00,000 வரை கேட்கலாம். போலீஸ் வழக்கு தோற்றாலும் சிவில் வழக்கு நிற்கும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி நம்பினால் போதும். அதனால் ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளில் ஒன்றைக்கூட அழிக்க விடாதீர்கள்.

குற்ற வழக்கும் நடந்தால், தண்டனையோடு இழப்பீட்டு உத்தரவும் கேட்கும்படி அரசு வழக்கறிஞரிடம் அவளே சொல்ல வேண்டும். ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. இழந்த சம்பளம், உடல் காயம், மனக் காயம் எல்லாம் அதில் அடங்கும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பாஸ்போர்ட்டைத் தேடி அந்த முதலாளி பக்கம் அவளை அனுப்பவே அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் விஷயத்துக்கு டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் லீகல் எய்டு என்ற சட்ட உதவி அமைப்புக்கு 0800 110 110-இல் இலவசமாகப் பேசலாம். இதற்கிடையில் முதலாளி கொஞ்சம் பணத்தோடு ஒரு காகிதத்தை நீட்டினால், வக்கீல் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம்.