தாத்தாவின் நாதஸ்வர இசைத்தட்டு 45 வேகத்தில் இழுக்கிறதே?

பிளேயரில் கோளாறு இல்லை. மதுரை வீட்டுப் பரணில் நீங்கள் எடுத்தது பெரும்பாலும் 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. 45இல் ஓடினால் சுருதி முக்கால் ஸ்தாயிக்குச் சற்று மேலாகவே இறங்கிவிடும். சித்திரைத் திருவிழாவில் நேரில் நாதஸ்வரம் கேட்ட காது அதை ஒத்துக்கொள்ளுமா!

லேபிளில் 78 என்று போட்டிருக்கிறதா, தட்டு நல்ல கனமா என்று பாருங்கள். வளைத்துப் பார்க்க வேண்டாம், அரக்குத் தட்டு என்றால் சட்டென்று உடையும்.

வேகத்தை மட்டும் மாற்றினால் போதாது. எல்.பி. (33 வேக நீள்தட்டு) ஊசி மெல்லியது, 78இன் அகலமான பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் தரும். சுமார் மூன்று மடங்கு பருமனான முனையுள்ள 78 ஊசி தனியாகக் கிடைக்கும்.

அப்புறம், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு கரையும். நான் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன்.