ஆப் கணக்கு குறைவாகத்தான் காட்டுகிறது, சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் போடுகிறேன். மகன் என் போனில் கலோரி கணக்குப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு மாதமாகத் தினமும் எழுதி வருகிறேன். 1,300, 1,400 கலோரிதான் காட்டுகிறது. ஆனாலும் எடை 72 கிலோவிலேயே நிற்கிறது, ஹெச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 8.2. ஆப்பில் சிவப்பு நிறம் வந்துவிட்டால் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிடுவேன். தப்பு ஆப்பிலா, என் உடம்பிலா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிளிமிபிரைடு போடுபவர்கள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றோடு படுத்தால் நடு இரவில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். ஆப் எந்த நிறம் காட்டினாலும் சரி, இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள்.

உங்கள் உடம்பில் எந்தத் தப்பும் இல்லை. ஆப்புக்கு நாம் சொல்வது மட்டும்தான் தெரியும், சிக்கல் அங்கேதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சற்றுக் கனமான வகையாக உள்ள தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சில நாள் சிறுநீரைப் பரிசோதித்தால், ஒருவர் உண்மையில் எவ்வளவு கலோரி செலவழிக்கிறார் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். எடை மாறாமல் இருந்தால், சாப்பிடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம், மக்கள் தாங்கள் சாப்பிட்டதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்பது. வேண்டுமென்றே மறைப்பதில்லை, மறந்துவிடுகிறோம்.

என்னிடம் வரும் ஒரு தையல்கடை அம்மா, எழுதுவதற்குப் பதிலாக ஒரு வாரம் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து வந்தார். கொஞ்சம் சோறு, கீரை, ரசம் என்று தட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்குப் படம் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். கேட்டால், “அது டீதானே டாக்டர், சாப்பாடா?” என்றார். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை: 50 கிராம், சுமார் 200 கலோரி. கணக்கிலேயே வராத சர்க்கரை அது.

அடுத்தது எண்ணெய். ஆப்பில் ‘தோசை 2’ என்று போட்டால், யாரோ எங்கோ அளந்த தோசையின் சராசரியைத்தான் அது எடுத்துக்கொள்ளும். உங்கள் தோசைக்கல்லைச் சுற்றி எத்தனை ஸ்பூன் விட்டீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? போட்டோவைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் ஆப்களுக்கும், குழம்பில் கலந்துவிட்ட எண்ணெய் கண்ணுக்குப் படாது. அதற்கு எளிய வழி, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று எண்ணி, வீட்டில் உள்ளவர்களால் வகுப்பது. நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம், 270 கலோரி. பஜ்ஜி, வடை என்று கடையில் வாங்குவது தனி. ஆளுக்கு மாதம் அரை லிட்டரில் நிறுத்தப் பாருங்கள் என்பேன்.

ஆப்பை நீக்க வேண்டாம். ஒரே ஒரு வாரம், கலோரி எண்ணைப் பார்க்காமல், வாயில் போவதை எல்லாம் போட்டோ எடுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முடித்தபின் ஒன்று. பேரப்பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட், சமைக்கும்போது வாயில் போட்ட தேங்காய்ச் சில்லு எல்லாமே வரட்டும். நேரம் போனிலேயே பதிவாகிவிடும். எனக்கு அதுதான் அதிகம் உதவும். மதியச் சாப்பாடு மூன்றரைக்குத் தள்ளிப்போகும் நாளில்தான் சாயங்காலம் முறுக்கு டப்பா திறக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கூடவே மூன்று நாள், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்து, அந்தந்தத் தட்டின் படத்தோடு குறித்து வையுங்கள்.

போனை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். பட்டினி இருந்த நாள்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்; கிளிமிபிரைடு அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி என்பதால், அடுத்த மாதமே எடுத்துப் பார்த்து மனம் நோக வேண்டாம். மாற்றங்களைத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எடுங்கள்.