பதில்: 2017 வெள்ளத்தில் மூழ்கிய தெரு வரைபடத்தில் இல்லை

வணக்கம். 2017 நவம்பரில் பினாங்கில் உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தண்ணீர் ஏறியும் வெள்ள வரைபடத்தில் அந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்கிறீர்கள். தண்ணீர் ஏறிய உயரத்தை அளந்து காட்ட, சேற்றுக்கோடு இன்னும் அழியாத சுவர்களில் தொடங்குங்கள். வீட்டுத் தரையிலிருந்து அளக்காதீர்கள்; பலர் தளத்தை உயர்த்தியிருப்பார்கள், சாலையும் தார் போடப்போட ஏறும். கால்வாயின் சிமெண்ட் விளிம்பே நம்பகமானது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) சேற்றுக்கோட்டின் மட்டத்தை அங்கே கொண்டுவாருங்கள். குழாயில் காற்றுக்குமிழ் நின்றால் மட்டம் பிசகும், தட்டி வெளியேற்றுங்கள். விளிம்பின் கடல்மட்ட உயரத்தை நில அளவையாளர்தான் எடுக்க வேண்டும். கைப்பேசி ஜிபிஎஸ் உயரத்தில் பல மீட்டர் தவறும். அளவு, படம், தேதியோடு வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம் கொடுங்கள்.

அண்டை வீட்டாரிடம் "நூறாண்டு வெள்ளம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. இனி நூறு வருடம் வராது என்று நினைத்துவிடுவார்கள். எந்த ஆண்டிலும் வர 1% வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள்; ஆண்டுக்கு 1% என்றாலும், 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறத்தாழ 26% வாய்ப்பு.