கர்த்தருடைய ஒழுக்கப் பிரமாணம் மாறுமா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனம் பிறனிடத்தில் அன்புகூரச் சொல்கிறது. அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தக்கூடாது என்கிறது. முதலாவதை நித்தியக் கட்டளை என்று பிரசங்கிக்கிறோம். இரண்டாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நமக்கு வசதியானதை மட்டும் "மாறாதது" என்று வைத்துக்கொள்கிறோமா?

பதில்: நியாயமான கேள்வி, சகோதரரே. இதற்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றைப் பேச முடியாது. "இது ஒழுக்கத்துக்குரியது, இது சடங்குக்குரியது" என்று வேதாகமம் கட்டளைகளுக்குத் தலைப்பு எழுதி வைக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே மூலம் கொடுக்கப்பட்ட கட்டளைகளை, ஒழுக்கம், சடங்கு, நீதிநிர்வாகம் என மூன்றாகப் பகுத்து விரிவாக விளக்கியவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமஸ் அக்வினாஸ். 1571இல் இறுதி வடிவம் பெற்ற ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஏழாவதும், 1646இல் எழுதி முடிக்கப்பட்ட, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 19ஆம் அதிகாரமும் அந்தப் பகுப்பையே பின்பற்றுகின்றன. பகுப்புக்குப் பெயர் பிற்காலத்தில் வந்தது. வேறுபாடோ வேதத்துக்குள்ளேயே இருக்கிறது.

யாரிடம் எந்தக் குற்றத்துக்காகத் தேவன் கணக்குக் கேட்கிறார் என்று பார்த்தால் அது புலப்படும். ஆமோஸ் தீர்க்கதரிசியின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் ஆகிய எவருக்கும் சீனாய் மலையில் கற்பலகைகள் கொடுக்கப்படவில்லை. ஆயினும் கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்ததற்காகத் தமஸ்குவும், மக்களைக் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடித்து ஏதோமுக்கு ஒப்புவித்ததற்காகக் காசாவும், கர்ப்பிணிகளைக் கீறியதற்காக அம்மோனும், ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டு நீறாக்கியதற்காக மோவாபும் தண்டனைத் தீர்ப்பைக் கேட்கிறார்கள். கடைசியாகச் சொன்ன குற்றத்தில் செய்தவனும் இஸ்ரவேலன் அல்ல, செய்யப்பட்டவனும் இஸ்ரவேலன் அல்ல. இருந்தும் கர்த்தர் அதைத் தமது வழக்காக எடுத்துக்கொள்கிறார். கலப்பு நூல் உடுத்ததற்காகவோ விலக்கப்பட்ட இறைச்சியைத் தின்றதற்காகவோ அந்த ஜாதிகளில் ஒன்றின்மேலும் குற்றம் சாட்டப்படவில்லை. யூதாவின் முறை வரும்போதுதான், கர்த்தருடைய வேதத்தை வெறுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுகிறது. எல்லா மனிதரையும் கட்டும் பிரமாணம் ஒன்று, ஓர் உடன்படிக்கையின் ஜனத்துக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்ட ஒழுங்கு இன்னொன்று.

சீனாய்க்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே காயீனின் கொலை பாவமாக எண்ணப்பட்டது; போத்திபாரின் வீட்டில் யோசேப்பு விபசாரத்தைத் தேவனுக்கு விரோதமான பாவம் என்று சொல்லி விலகினான். ஆடை விஷயத்தைப் பாருங்கள்: பிரதான ஆசாரியன் ஆராதனையில் அணியும் ஏபோத் என்ற மேலாடையில் மெல்லிய பஞ்சுநூலோடு நீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூல் எல்லாம் சேர்த்தே நெய்யும்படி யாத்திராகமம் 28 கட்டளையிடுகிறது, அந்த நிறநூல்கள் கம்பளியே என்பது யூத மரபு. கலப்பு தன்னிலேயே தீமையாக இருந்திருந்தால் பரிசுத்த ஸ்தலத்தில் அதற்கு இடம் இருந்திருக்காது. கொலைக்கோ பொய்ச்சாட்சிக்கோ இப்படி ஒரு விதிவிலக்கு ஆலயத்தில் எங்கும் இல்லை.

கேள்வி: தேவன் மாறாதவர் என்கிறோம். சவுலை ராஜாவாக்கியதற்காக மனஸ்தாபப்பட்டதாக 1 சாமுவேல் 15 சொல்கிறதே?

பதில்: அதே அதிகாரத்தின் 29ஆம் வசனம், மனம் மாற அவர் மனிதன் அல்ல என்றும் சொல்கிறது. எழுதியவர் பதினெட்டு வசனங்களுக்குள் தாம் எழுதியதை மறந்துவிட்டார் என்று கொள்ள முடியாது. சவுல் கீழ்ப்படிதலிலிருந்து விலகியபோது, கீழ்ப்படியாமையைக் குறித்துத் தேவன் எப்போதும் கொண்டிருக்கும் நிலை அவன்மேல் வெளிப்பட்டது. நினிவே மனந்திரும்பியபோது தண்டனை நின்றதும் அவ்வாறே. எரேமியா 18ஆம் அதிகாரம் இந்த ஒழுங்கை வெளிப்படையாகவே அறிவிக்கிறது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மல்கியா 3:6ஐ நாம் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். "நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை" என்பதே முழு வசனம். மாறாத தேவன் என்றால் மாறாத கண்டிப்பு என்று மட்டும் பயந்திருப்பவர்கள், அந்த "ஆகையால்" என்பதற்குப் பின்னால் வருவதை வாசிக்க வேண்டும். மல்கியா காலத்து ஜனங்கள் ஊனமான பலிகளைக் கொண்டுவந்து, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்து, விதவையை ஒடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அழியாமல் இருந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது தேவனுடைய மாறாத தன்மைதான்.

கேள்வி: நான் தத்துவம் படிக்கும் மாணவி. தேவன் கட்டளையிட்டதால் ஒன்று நன்மையாகிறதா, அல்லது நன்மையாக இருப்பதால் அவர் கட்டளையிடுகிறாரா? முதலாவது என்றால் நாளைக்கே அவர் பொய்யை நன்மையாக்கலாம். இரண்டாவது என்றால் அவருக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது.

பதில்: பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் எழுப்பிய வினா இது, மகளே. அவர் பேசியது ஒன்றோடொன்று சண்டையிடும் கிரேக்க தேவர்களைக் குறித்து என்பதை நினைவில் கொள்ளுங்கள். கிறிஸ்தவச் சிந்தனையிலும் இது விவாதிக்கப்படாமல் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் ஒக்காமின் வில்லியம் தேவனுடைய சித்தத்துக்கே முதன்மை கொடுத்தார், அக்வினாஸின் வழியில் வந்தவர்கள் தேவனுடைய ஞானத்தையும் இயல்பையும் முன்வைத்தார்கள்.

நான் அக்வினாஸின் பக்கம் நிற்கிறேன். எபிரெயர் 6:18 தேவன் பொய்யுரையாதவர் என்று சொல்வதோடு நிற்கவில்லை; அவர் பொய்யுரைப்பது கூடாத காரியம் என்கிறது. அவரைத் தடுக்கும் சட்டம் மேலே எங்கும் இல்லை. உண்மை அவருடைய இயல்பு. "நான் பரிசுத்தர், ஆகையால் பரிசுத்தராயிருங்கள்" என்று லேவியராகமம் 19 தொடங்குவதும் இந்தக் காரணத்தால்தான். அவருடைய குணமே நமக்குக் கட்டளையாக வருகிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை நாளை மாற வேண்டுமானால், அதைக் கொடுத்தவர் முதலில் வேறொருவராக மாறியிருக்க வேண்டும்.

கேள்வி: அடிமைத்தனத்தை நியாயப்பிரமாணம் அனுமதித்தது. இன்று சபை அதைப் பாவம் என்கிறது. இது மாற்றம்தானே?

பதில்: விவாகரத்தைக் குறித்துக் கேட்கப்பட்டபோது இயேசு சொன்ன பதில் இதற்கும் வழிகாட்டுகிறது. உங்கள் இருதயகடினத்தினிமித்தம் மோசே இடங்கொடுத்தார், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை என்றார் அவர். கெட்டுப்போன ஒரு சமுதாயத்தில் தீமைக்கு வரம்பு போடும் சட்டம் வேறு, தேவன் விரும்பும் ஒழுக்கம் வேறு. மனிதனைத் திருடி விற்கிறவனுக்கு யாத்திராகமம் 21:16 மரணதண்டனை விதிக்கிறது. தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது உபாகமம் 23:15. அட்லாண்டிக் கடலைக் கடந்து நடந்த அடிமை வாணிபம் முழுவதும் இந்த முதல் கட்டளையின் கீழேயே குற்றமாகிறது.

ஆனாலும் சபையைச் சுலபமாக விடுவித்துவிட எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் போதகர்கள் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடிமைமுறையை ஆதரித்தார்கள். அடிமை வைத்திருப்பவர்களை மிஷனெரிகளாக நியமிப்பது குறித்த சச்சரவில் பிறந்த தென் பாப்டிஸ்ட் மாநாடு 1845இல் அமைந்தது. 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அது பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டதற்கு என்ன அர்த்தம்? 1845இலும் அது பாவமாகவே இருந்தது என்பதுதானே? காலத்துக்குக் காலம் ஒழுக்கம் மாறும் என்றால் அந்த மன்னிப்புக்கு அவசியமே இல்லை.

கேள்வி: பாஸ்டர், நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று ரோமர் 6:14 சொல்கிறது. பிறகு ஏன் பத்துக் கற்பனைகளைப் பிரசங்கிக்க வேண்டும்?

பதில்: பவுல் அடுத்த வசனத்திலேயே உங்கள் கேள்வியைத் தானாகக் கேட்டு, "கூடாதே" என்று முடிக்கிறார். 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் நெருங்கிய நண்பரான யோகான் அக்ரிகோலாவும் இதைத்தான் கேட்டார். சுவிசேஷமே மனந்திரும்புதலை உண்டாக்கப் போதுமானது, நியாயப்பிரமாணம் பிரசங்க பீடத்துக்கு வேண்டாம் என்றார். கிருபையை லூத்தர் அளவுக்கு உயர்த்திப் பிடித்தவர்கள் குறைவு. அவரே 1537 முதல் தொடர்ச்சியான விவாத அரங்குகளில் அதை மறுத்தார். 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலும் பத்துக் கற்பனைகள்தான் முதலில் வருகின்றன.

நியாயப்பிரமாணத்தினால் நாம் நீதிமான்களாக்கப்படுவதில்லை. அதன் ஆக்கினைத்தீர்ப்பும் கிறிஸ்துவுக்குள் இருப்பவர்கள்மேல் இல்லை. இவ்விரண்டையும் எந்த விலை கொடுத்தும் காக்க வேண்டும். ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள், சகோதரரே. தேவன் தமது பிரமாணத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளக்கூடியவராக இருந்திருந்தால், நம்மை மன்னிப்பதற்குச் சிலுவை எதற்கு? கட்டளையின் அளவைக் குறைத்திருந்தாலே எல்லாரும் தேறியிருப்போமே! தம்முடைய குமாரனை ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது என்றால், பிரமாணத்தில் ஓர் எழுத்தின் உறுப்பும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். கற்பனைகளை மலிவாக்கிப் பேசுகிறவர்கள், அறியாமலே சிலுவையையும் மலிவாக்குகிறார்கள். இதை மன வருத்தத்தோடு சொல்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ஓய்வுநாள்? சனிக்கிழமையை ஆசரிக்காத நாம் நான்காம் கற்பனையை மீறுகிறோமா?

பதில்: சபைகள் மனசாட்சியோடு வேறுபடும் இடம் இது. ஏழாம் நாள் அட்வெந்து சபையார் சனிக்கிழமையைக் காக்கிறார்கள்; வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு நாள் மாறியது என்கிறது; சீர்திருத்தவாதி கால்வின் குறிப்பிட்ட நாளைச் சடங்கு சார்ந்ததாகவே கருதினார். கொலோசெயர் 2:16ஐ வைத்து, நாள் நிழல் என்றும், ஓய்வும் ஆராதனையும் நிலையானவை என்றும் நான் கொள்கிறேன். நாளைக் குறித்துத் தர்க்கிக்கும் இரு தரப்பாரும் உபாகமம் 5:14ஐ ஒருமுறை வாசிப்பது நல்லது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட விடுப்புத் தராதவர் எந்த நாளில் ஆலயத்துக்குப் போனாலும் இந்தக் கற்பனையை மீறுகிறார்.

கேள்வி: கத்தோலிக்கருக்கு "கொலை செய்யாதே" ஐந்தாவது, சி.எஸ்.ஐ. சபையில் ஆறாவது. கட்டளையே மாறிவிட்டதா?

பதில்: இல்லை. எண்ணும் முறைதான் வேறு. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் விக்கிரகத்தைப் பற்றியதை முதல் கற்பனையோடு சேர்த்து, இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். யாத்திராகமம் 20 எல்லாருக்கும் ஒன்றே.

கேள்வி: நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சந்தையில் எல்லாருமே நிறுவையில் ஐம்பது கிராம், நூறு கிராம் குறைக்கிறார்கள். சரியாக நிறுத்தால் அவர்களுடைய விலைக்கு என்னால் கொடுக்க முடியவில்லை. நடைமுறையில் எதைக் கடைப்பிடிப்பது?

பதில்: நாம் தொடங்கிய லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலேயே 36ஆம் வசனம் உங்களுக்காக இருக்கிறது, சகோதரரே: சரியான தராசு, சரியான நிறைகல், சரியான மரக்கால், சரியான படி. மரக்காலும் படியும் வழக்கொழிந்து மின்னணுத் தராசு வந்துவிட்டது; கட்டளை அந்தத் தராசின்மேலும் அப்படியே நிற்கிறது. எல்லாரும் குறைக்கிறார்கள் என்பது ஆமோஸின் காலத்துச் சந்தையிலும் உண்மைதான். மரக்காலைக் குறைத்து விலையை அதிகமாக்கியவர்களை அவர் எட்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார், அவர்கள் ஏமாற்றியது எளியவர்களைத்தான்.

உங்களுக்கு நஷ்டம் வராது என்று நான் வாக்குக் கொடுக்கப்போவதில்லை. அப்படி ஒரு வாக்கு அந்த வசனத்தில் இல்லை. எகிப்திலிருந்து உங்களைப் புறப்படப்பண்ணின கர்த்தர் நான் என்ற காரணம் மட்டுமே அங்கே சொல்லப்படுகிறது. விலையை உள்ளபடி சற்று உயர்த்தி எழுதிப்போடுங்கள், நிறையைக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளர் சிலர் போய்விட்டால், உங்கள் சபையில் இருப்பவர்களிடம் நிலைமையைத் திறந்து சொல்லுங்கள். நேர்மையாக நிறுக்கிற கடையில் வாங்குவது அவர்கள் கடமை.